ஆட்டோகிளேவில் இட்ட உயிரியல் கழிவு உண்மையிலேயே கிருமி நீங்கிவிட்டது என்று எப்படி உறுதிசெய்வது?

அகார்த்தட்டு கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் கழிவு அறைப் பொறுப்பு அண்மையில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. வளர்ப்புத் தட்டுகள், கையுறைகள், பிப்பெட் முனைகள், திரவ ஊடகக் குடுவைகள் ஆகிய அனைத்தும் 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைக்கப்பட்ட பிறகே வெளியே அனுப்பப்படுகின்றன. எங்கள் ஆட்டோகிளேவில் (அழுத்தமுள்ள நீராவியால் கிருமி நீக்கும் எந்திரம்) வெற்றிட பம்ப் கிடையாது. உள்ளே வரும் நீராவியே காற்றைக் கீழே தள்ளி வெளியேற்றும் பழைய வகை அது.

ஒவ்வொரு பையின் மேலும் ஒட்டப்படும், சூடுபட்டால் நிறம் மாறும் டேப்பில் கறுப்புக் கோடுகள் தவறாமல் தோன்றுகின்றன. வெப்பநிலைப் பதிவுத்தாளிலும் குறை எதுவும் இல்லை. மாதம் ஒருமுறை மேல்தட்டில் ஒரு ஸ்போர் குப்பியை (வெப்பம் தாங்கும் பாக்டீரியா வித்துகள் அடங்கியது; அவை அழிந்தால் பின்னர் வளர்ச்சி தோன்றாது) வைத்துச் சோதிக்கும் வழக்கமும் உண்டு. அதிலும் இதுவரை வளர்ச்சி காணப்பட்டதில்லை. இவ்வளவும் இருக்க, எங்கள் நடைமுறையைப் பார்வையிட்ட உயிரியல் பாதுகாப்பு அலுவலர், "இவை அனைத்தும் எந்திரம் சூடானதற்குச் சான்று; பையின் நடுவில் இருந்தவை அழிந்ததற்குச் சான்று எங்கே?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. மேல்தட்டில் வைத்த குப்பி தேறினால் பைக்குள் இருப்பதும் தேறியதாகக் கொள்ளலாகாதா? அப்படிக் கொள்ள முடியாதென்றால், ஒரு சாதாரண ஆய்வகம் இதை எவ்வாறு முறையாக மெய்ப்பிக்க வேண்டும்?

நீராவிப்பிரியன் பதில்:

அந்த அலுவலர் கேட்டதுதான் சரியான கேள்வி. மேல்தட்டுக் குப்பியின் முடிவைப் பைக்கு நீட்டிக்கக் கூடாது. ஏன் என்பதற்குக் காற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆட்டோகிளேவில் கிருமிகளைக் கொல்வது அழுத்தம் அன்று. வெறும் வெப்பமும் அன்று. தெவிட்டிய நீராவி குளிர்ந்த பொருளின் மேல் பட்டு நீராக மாறும்போது, ஒரு கிலோ நீராவிக்கு ஏறத்தாழ 2,200 கிலோஜூல் வெப்பத்தை அந்தப் பொருளிடம் விட்டுச் செல்கிறது. கூடவே, புரதங்கள் உறைந்து சிதைவதற்குத் தேவையான ஈரத்தையும் தருகிறது. காற்று இந்த இரண்டையும் செய்வதில்லை. உலர்ந்த வெப்பத்தால் மட்டும் கிருமி நீக்க வேண்டுமானால் 160 டிகிரியில் 2 மணி நேரம் வைப்பது வழக்கம் என்பதை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஆகவே கழிவுப் பைக்குள் ஒரு கையளவு காற்று சிக்கிக்கொண்டாலும், அந்த இடத்தில் இருப்பவற்றைப் பொறுத்தவரை உங்கள் ஆட்டோகிளேவ் ஒரு குறைந்த வெப்பநிலை அடுப்பாகவே இயங்குகிறது.

அழுத்தமானி இதைக் காட்டிக்கொடுக்காது என்பதுதான் சிக்கல். கடல்மட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் காட்டும்போது, காற்று முழுவதும் வெளியேறியிருந்தால் உள்ளே 121 டிகிரி இருக்கும். பாதிக் காற்று தங்கிவிட்டால், அதே 15 பவுண்டு அழுத்தத்தில் ஏறத்தாழ 112 டிகிரிதான் கிடைக்கும். காற்று சிறிதும் வெளியேறாவிட்டால் 100 டிகிரிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. மூன்று நிலைகளிலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

பத்து டிகிரி குறைவதால் என்ன பெரிய இழப்பு என்று தோன்றலாம். சோதனைக்குப் பயன்படும் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் ஸ்போர்களில் பத்தில் ஒன்பது பங்கு அழிவதற்கு 121 டிகிரியில் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் ஆகும். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அந்த நேரம் பத்து மடங்காகிறது. பையின் நடுப்பகுதி 111 டிகிரியை மட்டுமே எட்டியிருந்தால், உங்கள் 30 நிமிடத்தில் 10 லட்சம் ஸ்போர்களில் 10,000 முதல் 30,000 வரை உயிரோடு மிஞ்சும். அதே 30 நிமிடம் உண்மையான 121 டிகிரியில் கழிந்திருந்தால் மிஞ்சுவதற்கு நடைமுறையில் வாய்ப்பே இல்லை.

இனி உங்கள் பதிவுத்தாளைப் பாருங்கள். அந்தக் கோட்டை வரையும் உணரி பெரும்பாலான எந்திரங்களில் அறையின் அடியிலுள்ள வடிகாலில் பொருத்தப்பட்டிருக்கும். காற்று நீராவியைவிடக் கனமானது என்பதால் அது கீழே இறங்கி அவ்வழியே வெளியேறுகிறது. எனவே காலி அறையைப் பொறுத்தவரை மிகத் தாமதமாகச் சூடாகும் இடம் அதுதான், உணரியை அங்கே வைத்ததும் சரிதான். ஆனால் அறைக்குள் ஒரு பையை வைத்துவிட்டால் மிகத் தாமதமாகச் சூடாகும் இடம் அந்தப் பைக்குள் போய்விடுகிறது. வடிகால் 121 டிகிரியை எட்டியவுடன் கடிகாரம் ஓடத் தொடங்கும். பையின் நடுப்பகுதி அப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது எந்திரத்துக்குத் தெரியாது.

ஆகவே நீங்கள் மெய்ப்பிக்க வேண்டியது எந்திரத்தை அன்று, சுமையை. வழக்கமாகச் சேரும் பைகளில் மிகப் பெரியதும் மிக நெருக்கமாக அடைக்கப்பட்டதும் எதுவோ, அதைப் போன்ற ஒரு மாதிரிப் பையைத் தயாரித்துக்கொள்ளுங்கள். புதிய கையுறைகள், பயன்படுத்தாத தட்டுகள், சுத்தமான பிப்பெட் முனைகள் ஆகியவற்றால் அதை நிரப்பினால், குப்பியை நடுவில் வைக்கவும் பின்னர் எடுக்கவும் கையை உள்ளே விடுவதில் அபாயம் இல்லை. உண்மையான கழிவுப் பையைத் திறந்து துழாவுவது எக்காரணம் கொண்டும் கூடாது. ஸ்போர் குப்பிகளில் ஒன்றை நடுவிலும், ஒன்றை அடியிலும், ஒன்றை மேற்பகுதியிலும் வையுங்கள். நடுக் குப்பியை ஒரு நூலில் கட்டி நுனியை வெளியே விட்டால் தேடும் வேலை மிச்சம். வசதியிருந்தால் அதன் அருகிலேயே ஒரு தெர்மோகப்பிளையோ (வெப்பநிலையை அளக்கும் கம்பி உணரி) வெப்பம் தாங்கும் சிறு பதிவுக் கருவியையோ வையுங்கள். குப்பி தேறியதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும், கருவியோ எத்தனையாவது நிமிடத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லும்.

இந்தச் சோதனையில் தேறிய சுமையின் அளவும் அடுக்கும் முறையுமே அதன்பின் உங்கள் ஆய்வகத்தின் உச்ச வரம்பு. அதற்கு மேல் அடைத்த பைக்கு அந்தச் சான்று பொருந்தாது.

பேசில்லஸ் பதில்:

மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். குப்பியைப் பற்றி மட்டும் சேர்க்க வேண்டியது சில உண்டு. 'ஸ்போர் குப்பி' என்று நாம் பொதுவாகச் சொல்லும் பொருளில் மூன்று வகைகள் இருக்கின்றன, அவற்றை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் பயன்படுத்தக் கூடாது.

முதலாவது, உறைக்குள் இட்ட காகிதப் பட்டை. சுழற்சி முடிந்தபின் அதைத் தூய்மையான முறையில் ஊடகத்துக்குள் மாற்ற வேண்டும். மாற்றும்போது வெளிக்கிருமி புகுந்தால் பொய்யான வளர்ச்சி தோன்றும். இரண்டாவது, பட்டையும் ஊடகமும் ஒரே பிளாஸ்டிக் குழாயில் இருக்கும் வகை. அதன் மூடியில் நீராவி நுழைவதற்கு வழி இருக்கும்; சோதனைக்குப் பின் குழாயை நெரித்து உள்ளிருக்கும் கண்ணாடியை உடைத்தால் ஊடகம் பட்டையை நனைக்கும். மூன்றாவது, ஸ்போர்கள் ஊடகத்திலேயே மிதக்க, வாய் முழுவதும் உருக்கி மூடப்பட்ட கண்ணாடி ஆம்பூல்.

இந்த மூன்றாவது வகை திரவச் சுமைகளுக்கானது. அதற்குள்ளேயே நீர் இருப்பதால், வெளியிலிருந்து நீராவி வர வேண்டிய தேவை அதற்கில்லை. சூடு மட்டும் வந்தால் போதும், ஸ்போர்கள் ஈர வெப்பத்தில் அழிந்துவிடும். உலர்ந்த கையுறைகளுக்கு நடுவே இதை வைத்தால், சுற்றியுள்ள காற்றுப் பையில் நீராவி எட்டாத நிலையிலும் ஆம்பூல் தேறிவிடக் கூடும். அதன் பக்கத்தில் உலர்ந்திருக்கும் ஸ்போர்களோ தேறியிரா. கழிவுப் பைகளுக்கு முதல் இரண்டு வகைகளில் ஒன்றையும், ஊடகக் குடுவைகளுக்கு ஆம்பூலையும் பயன்படுத்துங்கள். மேல்தட்டில் நீங்கள் வைத்துவந்தது எது என்று பெட்டியின் குறிப்பைப் பாருங்கள்.

அடுத்தது இன்குபேட்டர். இந்த நுண்ணுயிர் வெப்பம் விரும்பி. 55 முதல் 60 டிகிரியில் வளர்வது. ஆய்வகத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்தால் உயிருள்ள ஸ்போர்களும் அசையாமல் கிடக்கும். எல்லாக் குப்பிகளும் 'தேறிவிட்டன' என்ற மகிழ்ச்சியான முடிவு ஆண்டு முழுவதும் கிடைத்துக்கொண்டே இருக்கும். இதைப் பிடிப்பதற்குத்தான் கட்டுப்பாட்டுக் குப்பி. அதே தொகுப்பு எண் கொண்ட ஒரு குப்பியை ஆட்டோகிளேவில் இடாமல், மற்றவற்றோடு சேர்த்து இன்குபேட்டரில் வைக்க வேண்டும். அது வளர வேண்டும். பல தயாரிப்புகளில் ஊடகம் ஊதாவிலிருந்து மஞ்சளாக மாறும். கட்டுப்பாட்டுக் குப்பி வளராத சோதனை, சோதனையே ஆகாது. எந்திரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. உங்கள் இடுகையில் கட்டுப்பாட்டுக் குப்பியைப் பற்றிய பேச்சே இல்லாததால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

டேப்பைப் பற்றி ஒரு வரி போதும்: இந்தப் பை ஆட்டோகிளேவுக்குள் போய்வந்தது, அந்தப் பை போகவில்லை என்று பிரித்தறிவதற்கு மட்டுமே அது பயன்படும்.

கழிவறைக்காவலர் பதில்:

நீராவிப்பிரியன் அவர்கள் சொன்னவற்றில் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது. காற்றுச் சிக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் எந்திரம் அன்று, பையைக் கட்டும் கைதான். கசிவுக்கும் துர்நாற்றத்துக்கும் அஞ்சிப் பையின் வாயை இறுக்கிக் கட்டுபவர்களை எந்த ஆய்வகத்திலும் பார்க்கலாம். கட்டிய பைக்குள் நீராவி போகாது. வாயைத் தளர்த்தி, மூன்று விரல் நுழையும் அளவுக்காவது திறப்பு விட்டு, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், ஒரு பைக்கும் அடுத்த பைக்கும் இடைவெளி விட்டு வைப்பதே முதல் சீர்திருத்தம். தட்டுகளை நேர்த்தியாக அடுக்கி வைப்பதும் நல்லதல்ல. பாலிஸ்டைரின் உருகி அகாரோடு சேர்ந்து ஒரே கட்டியாக மாறினால் அதன் உள்ளே நீராவி நுழைய வழியில்லை.

பைகளை வைக்கும் தட்டு துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். ஆழமான பிளாஸ்டிக் தொட்டி வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் மந்தமானது. அதன் உயர்ந்த சுவர்கள் காற்றைக் கிண்ணம்போல் பிடித்தும் வைத்துக்கொள்ளும்.

உலர்ந்த பைகளில் சிறிது தண்ணீர் ஊற்றிவிட்டு வைக்கும்படி பல கையேடுகள் சொல்கின்றன. கையுறை, காகிதம், பிப்பெட் முனை மட்டும் உள்ள பைக்கு இது உதவக்கூடும். அந்தத் தண்ணீர் உள்ளேயே ஆவியாகிக் காற்றை வெளியேற்றும். அகார் தட்டுகள் நிறைந்த பையிலோ ஏற்கெனவே வேண்டிய நீர் இருக்கிறது. கூடுதலாக ஊற்றுவது சூடாக்க வேண்டிய எடையைத்தான் கூட்டும். தொற்றுக் கழிவின் மேல் தண்ணீரை ஊற்றும்போது தெறிக்கும் அபாயமும் இருப்பதால், ஊற்றுவதாயின் பை நிரம்புவதற்கு முன்பே ஊற்றி வையுங்கள். பிளீச் கலந்த கழிவை மட்டும் ஒருபோதும் உள்ளே விடாதீர்கள். நச்சுப் புகை வெளிப்படும், அறையின் எஃகும் அரிக்கப்படும்.

அகார்த்தட்டு:

மூவருக்கும் மிகுந்த நன்றி. நீங்கள் சொன்னபடி மாதிரிப் பை தயாரித்துச் சோதித்தோம். நாங்கள் இதுவரை மேல்தட்டில் வைத்துவந்தது மூடிய ஆம்பூல்தான் என்பது தெரிந்தது. இம்முறை மூடியில் வழியுள்ள குழாய்களைப் பயன்படுத்தினோம். 56 டிகிரி இன்குபேட்டரில் வைத்ததில் மேல் குப்பியில் வளர்ச்சி இல்லை. அடிக் குப்பியிலும் இல்லை. நடுக் குப்பி மஞ்சளாகிவிட்டது. கட்டுப்பாட்டுக் குப்பியும் மஞ்சளானது. பதிவுத்தாளில் வழக்கம்போல் 121 டிகிரி, 30 நிமிடம்.

இப்போது நேரத்தை 60 நிமிடமாக உயர்த்தினால் போதுமா, அல்லது சுமையைக் குறைக்க வேண்டுமா? கையிலிருக்கும் உண்மையான கழிவை அதுவரை என்ன செய்வது?

நீராவிப்பிரியன் பதில்:

கையிலிருப்பதை முதலில் பார்ப்போம். முடிவை உடனே உயிரியல் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். பைகளைக் குறியிட்டுத் தனியே வைத்து, சான்று பெற்ற வேறு ஆட்டோகிளேவ் இருந்தால் அதற்கு அனுப்புங்கள். 'எப்படியும் இன்னொரு முறை ஓட்டிவிடலாம்' என்று அதே நிலையில் ஓட்டுவதால் பயனில்லை.

நேரமா சுமையா என்ற கேள்விக்கு, முதலில் சுமை என்பேன். 60 நிமிடம் என்பது கழிவுக்குப் பல இடங்களில் வழக்கத்தில் உள்ள நேரம்தான், அதில் தவறில்லை. ஆனால் நடுவில் 111 டிகிரியே இருக்குமானால், நேரத்தை இரட்டிப்பாக்கினாலும் ஸ்போர்களின் எண்ணிக்கை மூன்று அல்லது நான்கு பத்தடுக்கு மட்டுமே குறையும் (ஒரு பத்தடுக்குக் குறைவு என்றால் பத்தில் ஒரு பங்கே மிஞ்சுவது). குப்பியிலோ ஆறு பத்தடுக்கு, அதாவது 10 லட்சம் ஸ்போர்கள், இருக்கின்றன. காற்று வெளியேற வழி செய்து வெப்பநிலையை உயர்த்தினால் அதே நிமிடங்கள் பத்து மடங்கு வேலை செய்யும். எனவே பையைச் சிறிதாக்கி, வாயைத் திறந்து, ஆழமில்லாத எஃகுத் தட்டில் வைத்து மறுபடி சோதியுங்கள். இந்த முறை தெர்மோகப்பிளை எப்படியாவது இரவல் பெறுங்கள். வடிகால் 121 டிகிரியை எட்டியதற்கும் பையின் நடு அதை எட்டியதற்கும் இடைப்பட்ட நேரம் எவ்வளவு என்று தெரிந்தால், அந்தத் தாமதத்தைச் சுழற்சி நேரத்தோடு கூட்டிக்கொள்ளலாம். நேரத்தை நீட்டுவதற்குப் பொருள் உண்டாவது அப்போதுதான்.

பிறகு ஒரு பாதுகாப்பு இடைவெளி வேண்டும். 60 நிமிடம் என்று முடிவுசெய்யப் போகிறீர்கள் என்றால், அதில் பாதி நேரத்திலேயே 10 லட்சம் ஸ்போர் கொண்ட நடுக் குப்பி தேறுகிறதா என்று பாருங்கள். தேறினால் முழு நேரத்தில் எஞ்சுவதற்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு. மருத்துவக் கழிவுக்குப் பல நாடுகளில் எடுத்துக்கொள்ளப்படும் மூன்றாம் நிலை அளவுகோல், எதிர்ப்புத் திறன் மிக்க ஸ்போர்களில் நான்கு பத்தடுக்குக் குறைவைத்தான் கேட்கிறது. நீங்கள் ஆறு பத்தடுக்குக் குப்பியோடு சோதித்தால் அதைவிடக் கடுமையாகவே சோதிக்கிறீர்கள். அடுத்தடுத்து மூன்று சோதனைகள் தேறிய பிறகே அந்த முறையை நடைமுறைக்குக் கொண்டுவருவது நல்லது.

சுமையைக் குறைத்தும் தேறவில்லையென்றால் மட்டும் எந்திரத்தைச் சந்தேகியுங்கள். வடிகாலின் சல்லடையில் உருகிய அகாரும் பை நாரும் அடைத்துக்கொள்வதும், நீராவிப் பொறி (காற்றையும் நீரையும் வெளியே விட்டு நீராவியைத் தடுக்கும் வால்வு) ஒழுங்காகத் திறக்காததும், கதவின் கேஸ்கெட் தேய்வதும்தான் வழக்கமான குறைகள். சல்லடையை ஒவ்வொரு நாளும் சுத்தம் செய்வது ஒரு நிமிட வேலை. ஏனோ அதை யாரும் விரும்பிச் செய்வதில்லை.

வெற்றிடம் பதில்:

முன்வெற்றிட வகை ஆட்டோகிளேவ் (சூடாக்கும் முன் பம்பால் காற்றை உறிஞ்சி எடுப்பது) வைத்திருப்பவர்கள் இந்தத் திரியைப் படித்தால், அவர்களுக்காக ஒரு குறிப்பு. உங்களுக்குக் காற்றுச் சிக்கல் மிகவும் குறைவு. அதனால் சோதனையே வேண்டாம் என்பதில்லை. வெற்றிட பம்பும் கதவின் இறுக்கமும் சரியாக உள்ளனவா என்பதை அறிய, நாளின் முதல் சுழற்சியில் காலி அறையில் 134 டிகிரியில் மூன்றரை நிமிடம் போவி-டிக் சோதனை செய்வது வழக்கம். அது காற்று வெளியேற்றத்தை மட்டுமே சோதிக்கிறது. ஸ்போர் சோதனைக்கு மாற்று அன்று. வெற்றிட பம்ப் இல்லாத புவியீர்ப்பு வகைக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

இன்னொன்று, முதல் வெற்றிடத்தின்போது பைக்குள்ளிருந்து உறிஞ்சப்படும் காற்று இன்னும் சூடேறாத காற்று. அதில் உயிருள்ள கிருமிகள் இருக்கலாம். உயர் அபாயக் கிருமிகளைக் கையாளும் ஆய்வகங்களின் ஆட்டோகிளேவ்களில் வெளியேறும் காற்றுக்கு வடிகட்டி பொருத்துவதும், சேரும் நீரை அறைக்குள்ளேயே வைத்துச் சூடாக்குவதும் இதனால்தான். பிரியான் (நோய் உண்டாக்கும் ஒருவகைப் புரதம்) கலந்த கழிவு இந்தப் பேச்சுக்கே அப்பாற்பட்டது. 121 டிகிரிச் சுழற்சியை அதற்கு நம்பக் கூடாது.

அகார்த்தட்டு:

தெளிவாகிவிட்டது. கடைசியாக இரு சிறு ஐயங்கள். திரவக் குடுவைகளைப் பைகளோடு சேர்த்தே ஓட்டுகிறோம், அது சரியா? மஞ்சளாகிப்போன சோதனைக் குப்பிகளை எப்படி அப்புறப்படுத்துவது?

பேசில்லஸ் பதில்:

சேர்த்து ஓட்டாதீர்கள். 2 லிட்டர் குடுவையின் நடுப்பகுதி, அறை சூடான பிறகும் நெடுநேரம் பின்தங்கியே இருக்கும். சுழற்சியின் முடிவில் அழுத்தத்தை மெதுவாக விடாவிட்டால் திரவம் பொங்கி வழியும். பைகளுக்கு அப்படி மெதுவாக விட வேண்டிய தேவை இல்லை. திரவங்களுக்குத் தனிச் சுழற்சி வைத்து, குடுவைகளை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், மூடிகளைத் தளர்த்தி, மிகப் பெரிய குடுவைக்குள் ஆம்பூலைத் தொங்கவிட்டு அதையும் தனியே மெய்ப்பியுங்கள்.

ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் மனிதருக்கு நோய் தருவதில்லை. ஆயினும் வளர்ந்த குப்பிகளில் உயிருள்ள நுண்ணுயிர் இருப்பதால் கிருமி நீக்கியே எறிய வேண்டும். அவற்றை ஒரு சிறு எஃகுக் கிண்ணத்தில் திறந்த நிலையில் வைத்து உங்கள் ஆட்டோகிளேவிலேயே ஓட்டலாம். உங்கள் மேல் குப்பியும் அடிக் குப்பியும் தேறியதிலிருந்து, நீராவி தடையின்றி எட்டும் இடங்களில் அந்த எந்திரம் சரியாகவே வேலை செய்கிறது என்று தெரிகிறது. பதிவேட்டில் தேதி, சுழற்சி எண், பையின் எடை, குப்பி வைத்த இடம், தொகுப்பு எண், கட்டுப்பாட்டுக் குப்பியின் முடிவு ஆகியவற்றை எழுதிவிட்டு எறியுங்கள். தேறாத சோதனையின் பக்கத்தையும் கிழிக்காமல் அப்படியே விட்டுவையுங்கள், அடுத்த முறை அலுவலர் வரும்போது முதலில் கேட்பது அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.